தொன்மை யாருடைய உடைமை?
பங்களாச் சாடியும் லயத்துத் தகரமும்

மலையகத்தின் மரபுரிமை பற்றி அண்மைக் காலத்திலே எழுதப்படுவனவற்றையும் பேசப்படுவனவற்றையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளிலே பிரித்தானியத் துரைமார் வாழ்ந்து கழித்த பங்களாக்கள் மரபுரிமை என்னும் பட்டத்தைப் பெற்றுவிட்டன. அவற்றுட் பல இன்று உல்லாச விடுதிகள். தேக்குத் தளபாடம், கணப்படுப்பு, அக்கணப்படுப்பின் மேற்பலகையிலே தனித்து நிற்கும் ஒற்றை நிறச் சீனச் சாடி ஆகியன அவ்விடுதிகளின் பெருமைகள். அதே பங்களாவிலிருந்து கூப்பிடுதொலைவிலுள்ள லயத்துக் காம்பராவிலே மூன்று தலைமுறை புழங்கிய பித்தளைச் செம்பும், இரும்புச் சட்டியும், தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியும் பழஞ்சாமான் எனப்படுகின்றன. பழைய இரும்பு வாங்குவோரின் தராசிலே நிறுக்கப்பட்டு மலையிறங்குகின்றன. ஒன்று தொல்பொருள், மற்றையது பழஞ்சாமான். இவ்விரு சொற்களையும் பிரித்து வழங்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது, அதனை நாமும் ஏன் தலைவணங்கி ஏற்றுக்கொண்டோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலிலே ஒன்றைக் கூறிவிட வேண்டும். சீனச் சாடியுடன் எமக்குப் பகையில்லை. ஓவியம் எதுவுமின்றி, ஒரே நிறத்தையும் வடிவத்தின் வளைவையும் மாத்திரம் நம்பி நிற்கும் கலம் மனிதன் மண்ணினாற் செய்தவற்றுள் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. ஓவியம் தீட்டிய சாடியிலே சிறு பழுதைப் பூவினாலோ பறவையினாலோ மறைத்துவிடலாம். ஒற்றை நிறக் கலத்திலே மறைப்பதற்கு இடமில்லை. மெருகு ஓரிடத்திலே தடித்து ஓரிடத்திலே வழிந்தாலும், சூளையின் வெப்பம் சற்றே பிறழ்ந்தாலும், குறை வெளிச்சமாகிவிடும். காங்சி மன்னன் காலத்து (1662 முதல் 1722 வரை) குருதிச் செம்மை வாய்ந்த கலங்களைச் செம்பின் சேர்க்கையினாலே பெற்றார்கள். அந்தச் செம்மை சூளையின் புகையும் காற்றும் ஒத்து வந்தாலன்றி வாய்க்காது; பல கலங்கள் கெட்டொழிந்த பின்னரே ஒன்று தேறும்.

இக்கலங்களுள் ஒருவகை மலைநாட்டவராகிய நமது கவனத்திற்குச் சிறப்பாக உரியது. இரும்பு கலந்த மெருகைப் பூசிச் சுட்டு ஆறவிடும்போது அம்மெருகினுள்ளே நுண்ணிய படிகங்கள் பிரிந்து தோன்றுகின்றன. கரும்பழுப்பு நிலத்திலே மஞ்சளும் பச்சையும் கலந்த பொடியைச் சல்லடையால் அரித்துத் தூவியது போன்ற தோற்றம் உண்டாகின்றது. 1735ஆம் ஆண்டிலே ஜிங்தெசென் நகரத்து அரச சூளையின் மேற்பார்வையாளர் தாங் யிங் அங்கு செய்யப்பட்ட மெருகு வகைகளை நிரல்படுத்தியபோது இவ்வகையினை விலாங்கின் மஞ்சள், பாம்புத்தோலின் பச்சை என்றெல்லாம் குறித்தார். பிற்காலத்தில் அதற்கு நிலைத்த பெயரோ 'தேயிலைத்தூள்' என்பது. யொங்செங், சியன்லொங் மன்னர்களின் அரண்மனைகளுக்காகச் செய்யப்பட்ட தேயிலைத்தூட் சாடிகள் இன்று உலகின் பெரிய அரும்பொருட்காட்சிச்சாலைகளிலே கண்ணாடிப் பேழைகளுள் இருக்கின்றன.

தேயிலைத்தூள்! இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே நமது மக்களுக்கு எந்த அரண்மனையும் நினைவுக்கு வருவதில்லை. 'ஸ்டோர்' எனப்படும் தொழிற்சாலையிலே கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து, சல்லடை ஏறித் தரம் பிரிக்கப்படுகின்றது. இலைத்தரங்கள் மேலே நிற்க, கடைசிச் சல்லடையின் கண்களுக்கூடாக விழுவது தூள். இலங்கையின் தேயிலையிலே பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் கப்பலேறிவிடுகின்றது. கொழுந்து பறித்தவளின் அடுப்பிலே கொதிப்பது பெரும்பாலும் கடைத்தரமே. ஒரே பெயர் ஓரிடத்திலே அரச மெருகு, மற்றோரிடத்திலே சல்லடைக்குக் கீழே விழுந்தது. இதனைச் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால் சாடியைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடியைப் பார்ப்போர் அவ்வாறு தள்ளிவிட மாட்டார்கள்.

சாடியின் அடியிலே என்ன இருக்கின்றது? ஆறு எழுத்துகள். மாண்புமிகு சிங் வமிசத்து இன்ன மன்னனின் காலத்திலே ஆக்கப்பட்டது என்பது அவற்றின் பொருள். செய்தவன் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் செய்தவன் ஒருவனல்லன். ஜிங்தெசென்னிலே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய நீண்ட கடிதங்களிலே அந்நகரத்தின் தொழிற்பிரிவினையை விரிவாக விளக்கியுள்ளார். கல்லை இடிப்பவன் ஒருவன். களியைக் கரைத்து வடிப்பவன் ஒருவன். மிதித்துப் பிசைபவன், சக்கரத்திலே வனைபவன், அச்சிலே வைத்துத் தட்டுபவன், சீவுபவன், மெருகில் தோய்ப்பவன், சூளையிலே அடுக்குபவன், விறகிடுபவன் என்று வேலை பகிரப்பட்டிருந்தது. ஒரு கலம் எழுபது பேரின் கைகளைக் கடந்தே முடிவெய்தும் என்பது அவர் தந்த கணக்கு. காவோலிங் என்னும் குன்றிலே வெண்களி வெட்டியவர்கள் தொடக்கம், ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தின் முன்னே நின்றவர்கள் வரை அத்தனை பேரும் அந்த ஆறு எழுத்துகளின் கீழே மறைந்து போயினர்.

இதனோடு ஒப்பிடுவதற்கு நம்மிடமும் ஒரு பொருள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவருவதற்குத் தகரத் துண்டு முறை ஏற்படுத்தப்பட்டது. வட்டமான சிறு தகடு. அதிலே மாவட்டக் குறியும் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அடிக்கப்பட்டிருக்கும். அதனைக் கழுத்திலே கட்டிக்கொண்டு ஒருவன் கடல்கடந்து வந்தால், வழியிலே அவனுக்காகும் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட வேண்டும் என்பது அத்தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். பெயர் அதிலும் இல்லை. சாடியின் அடியிலே மன்னனின் முத்திரை. மனிதனின் மார்பிலே தோட்டத்தின் முத்திரை. முன்னையது கலத்தின் விலையை உயர்த்திற்று. பின்னையது மனிதனின் கடனைக் குறித்தது. தேயிலைப் பெட்டியின்மேற் பொறிக்கப்பட்டதும் தோட்டத்தின் பெயரே என்பதை இங்கு சேர்த்து எண்ணுக.

பங்களாவிலே சீனப் பொருள் இருப்பது தற்செயல் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. தேயிலையும் பீங்கானும் ஒரே கப்பலிலே பயணம் செய்த சகோதரர்கள். (பீங்கான் என்ற நமது சொல்லும் பாரசீக வழியாகக் கடல்கடந்து வந்ததே.) நீரால் நனையினும் கெடாத பீங்கானைக் கப்பலின் அடித்தளத்திலே பாரமாக அடுக்கி, அதன்மேலே தேயிலைப் பெட்டிகளை ஏற்றுவது கிழக்கிந்தியக் கும்பனிகளின் வழக்கம். 1752இலே தென்சீனக் கடலில் மூழ்கிய கெல்டர்மால்சன் என்னும் ஒல்லாந்தக் கப்பலிலே தேயிலையே முதன்மைச் சரக்கு. பீங்கான் 203 பெட்டிகள். 1985இல் அக்கப்பல் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே அம்ஸ்ரடாமில் நடந்த ஏலத்திலே அப்பீங்கான் பெருந்தொகைக்கு விற்பனையாயிற்று. இரண்டு நூற்றாண்டுகளாக அதனைச் சூழ்ந்திருந்து உடையாமற் காத்தது ஊறிச் சேறாகிப்போன தேயிலை.

இரு தொழில்களின் மறைபொருளும் சீனத்திலிருந்து ஐரோப்பியர் கைக்குச் சென்ற விதமும் ஒன்றே. பீங்கானின் மறைபொருளைப் பாதிரியாரின் கடிதங்கள் வெளியிட்டன. தேயிலையின் செடியையும் அதனைப் பதப்படுத்தும் தொழிலாளரையும் 1848 தொடக்கம் ரொபேட் போர்ச்சூன் என்பவர் சீனத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இலங்கையிலோ 1824இலேயே பேராதனைப் பூங்காவிலே சீனத் தேயிலைச் செடி நடப்பட்டிருந்தது. 1841இல் மொறிஸ் வோம்ஸ் புசல்லாவையிலுள்ள ரொத்சைல்ட் தோட்டத்திலே சீனச் செடிகளை நட்டார். ஜேம்ஸ் டெயிலர் 1867இலே லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே செய்த பயிர்ச்செய்கையைத்தான் வரலாற்று நூல்கள் தொடக்கமாகக் கொள்கின்றன. அந்த 19 ஏக்கரிலே நிலம் கொத்தியவர்களின் பெயர்களைக் கூறும் பாடநூல் எதனையும் நாம் கண்டதில்லை.

சீனக் கலைச்செல்வம் பிரித்தானிய இல்லங்களுக்குப் போன வழியையும் மறத்தல் ஆகாது. 1860ஆம் ஆண்டு மே மாதத்திலே காலித் துறைமுகத்தில் மலபார் என்னும் கப்பல் பாறையிலே மோதி அழிந்தது. அதிலே சீனத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தவர் எல்கின் பிரபு. உயிர் தப்பிய அவர் பயணத்தைத் தொடர்ந்தார். அவ்வாண்டு ஒக்ரோபரிலே பீக்கிங்கின் கோடைகால அரண்மனை பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளாற் கொள்ளையிடப்பட்டது. அதனைக் கொளுத்தும்படி கட்டளையிட்டவர் அவரே. அரண்மனைக் கலங்கள் ஐரோப்பிய வரவேற்பறைகளிலே இடம்பெறத் தொடங்கியதில் அந்தக் கொள்ளைக்கும் பங்குண்டு. பொகவந்தலாவையிலே தியென்ற்சின் என்று ஒரு தோட்டம் இருக்கின்றது. அதன் பங்களா 1888இலே கட்டப்பட்டது, இன்று விடுதி. தியென்ற்சின் என்பது பீக்கிங்கிற்குச் செல்லும் வாயிலிலுள்ள சீனத் துறைமுக நகரம். 1858இலே வல்லரசுகள் தமக்குச் சாதகமான உடன்படிக்கைகளைச் சீனத்தின்மேற் சுமத்திய இடம். ஒரு நகரின் பெயரையே எடுத்துவந்து நமது குன்றின்மேல் ஒட்டியவர்களுக்கு ஒரு சாடியை எடுத்துவந்து கணப்படுப்பின்மேல் வைப்பது பெரிய காரியமன்று.

இனி, தொன்மை என்பதை வரையறுக்கும் சட்டத்திற்கு வருவோம். இங்குதான் நமது வழக்கின் உயிர்நிலை இருக்கின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு ஒரு காலக்கோடு கிழித்தது. 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டது என்று கருதத்தக்க பொருளே தொல்பொருள். அந்நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள்; மலைநாட்டு இராச்சியம் பிரித்தானிய முடிக்குக் கைமாறிய நாள். ஓர் அரசின் முடிவை எல்லையாகக் கொள்வது சட்டமியற்றியோர்க்கு இயல்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மலையகத் தமிழரின் வருகையை 1823இலிருந்து கணக்கிடுகின்றோம். 2023இலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்று இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். கோட்டிற்கும் வருகைக்கும் இடையே எட்டு ஆண்டுகள். ஆகவே, இந்த மக்கள் தோட்டங்களிலே செய்த, வாங்கிய, புழங்கிய எந்தப் பொருளும் அவ்வரையறையின்படி என்றைக்குமே தொல்பொருளாக முடியாது. இன்னும் ஐந்நூறு ஆண்டு கழிந்தாலும் ஆகாது. அதேவேளை, 1815க்கு முன்னே ஜிங்தெசென்னிலே சுடப்பட்ட சாடியொன்று இந்நாட்டு மண்ணிலே கிடைத்தால், அது இந்நாட்டின் தொல்பொருள். சீனத்துக் களிமண் உள்ளே, மலையகத்து மனிதர் வெளியே!

பிற்காலத்துக் கட்டடங்களையும் அமைச்சரின் ஆணையினாற் பாதுகாக்கலாமே என்று சட்டமறிந்தோர் மறுப்புரைப்பர். உண்மைதான், வழி உண்டு. ஆனால் அத்தகைய ஆணை யாருடைய கட்டடத்தை நினைத்துப் பிறக்கின்றது? செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டியெழுப்பிய மாளிகையையும் தேவாலயத்தையும் நினைத்தே பிறக்கின்றது. தகரக் கூரைக்குக் கீழே தொங்கிய கூடைக்கு எவரும் ஆணை கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம், நாமும் கேட்கவில்லை.

ஆம், குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மேடைகளிலே சீனத் தொடர்பு பற்றி நாம் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். 1977இலே ஜோன் கார்ஸ்வெல் அல்லைப்பிட்டியிலே அகழ்ந்தெடுத்த சொங் காலத்துச் சீனக் கல ஓடுகளைச் சொல்லிப் பூரிக்கின்றோம். மாந்தையிற் கிடைத்த பச்சை மெருகோடுகளைச் சொல்கின்றோம். 1409இலே பொறிக்கப்பட்டு 1911இலே காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்லிலே சீனத்துடனும் பாரசீகத்துடனும் தமிழும் அரியணை ஏறியிருப்பதைச் சொல்லி மகிழ்கின்றோம். இவையெல்லாம் மெய்யான பெருமைகள், ஐயமில்லை. எனினும் வணிகரின் ஓடு உடைந்து கிடந்தாலும் நமக்கு வரலாறு, தொழிலாளியின் சட்டி முழுதாக இருந்தாலும் வரலாறில்லை என்ற மனப்பாங்கு எங்கிருந்து வந்தது? 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் கோடு தாளிலே மட்டும் இல்லை. நமது படிப்பினுள்ளும் அது ஓடுகின்றது.

எதிர்வாதங்கள் இரண்டு உள. முதலாவது, லயத்துப் பொருள்களிலே கலையில்லை. அவை சந்தையில் வாங்கிய மலிவுப் பொருள்கள் என்பது. கலை என்றால் அரிதானது, அரிதானது என்றால் விலையுயர்ந்தது என்ற சமன்பாடே இவ்வாதத்தின் அடிப்படை. 2017இலே ஹொங்கொங்கிலே சொங் காலத்து நீல மெருகு வாய்ந்த ரூ கலமொன்று 37.7 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஏலம்போயிற்று. அது 13 சென்ரிமீற்றர் அகலமான, தூரிகை கழுவும் சிறு கிண்ணம். அவ்வாண்டிலே தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. இவ்விரண்டையும் பெருக்கி வகுத்து வாசகரை மிரட்ட நாம் விரும்பவில்லை. கிண்ணத்தின் விலை கிண்ணத்தின் அழகைக் கூறுவதாகாது. வாங்குவோரின் கையிருப்பைக் கூறுவது. மேலும், கலையில்லை என்பதும் பொய். மூங்கிலைப் பிளந்து, நெற்றியிலே கயிறு பதிந்து முதுகிலே சுமை சமனாக நிற்கும்படி முடைந்த கொழுந்துக் கூடையின் வளைவு, பயனும் வடிவும் ஒன்றாகிய வளைவு. காமன் கூத்தின் தப்பிலே தோலை இழுத்துக் கட்டும் நுட்பம் சூளையிலே வெப்பமறியும் நுட்பத்திற்குக் குறைந்ததன்று. ஒற்றை நிறச் சாடியைப் போலவே இவையும் அலங்காரத்தின் பின்னே ஒளிய இயலாதவை.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. துன்பத்தின் சின்னங்களை ஏன் காக்க வேண்டும்? தகரத் துண்டும் ஒழுகிய கூரையும் காட்சிப்பொருளானால், வறுமையைக் காட்டிப் பணம் பண்ணும் மற்றொரு விடுதிக்கல்லவா அது வழிவகுக்கும் என்று மலையக இளைஞர் சிலரே கேட்கின்றனர். இக்கேள்வியை மதிக்கின்றோம். லயங்கள் இடிக்கப்பட வேண்டும்; அவற்றிலே வாழ்வோர் காணியுரிமையோடு தனிவீடு பெற வேண்டும்; அதற்குக் குறுக்கே எந்த மரபுரிமைப் பேச்சும் நிற்கக் கூடாது. மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் காம்பராவைக் காட்சியாக்குவது கொடுமை. ஆனால் லயம் இடியும் நாளிலே அதனுள் இருந்தவை என்னவாயின என்பதைக் குறித்துவைப்பது வேறு காரியம். துன்பத்தின் சான்று அழிந்தால் துன்பம் அழிவதில்லை. துன்பம் விளைத்தவரின் கணக்கு மாத்திரமே அழிகின்றது. துரைமாரின் நாட்குறிப்பும் நிழற்படமும் சாடியும் எஞ்சியிருக்க, மற்றப்பக்கத்துச் சான்றுகள் மாத்திரம் இல்லாதொழியுமாயின், நாளை எழுதப்படும் மலையக வரலாறு பங்களாவின் யன்னலிலிருந்து பார்த்த வரலாறாகவே அமையும்.

ஏற்கனவே இழந்தவை கொஞ்சமல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாரிலே கப்பலேறியவர்கள் அம்மியையும் உரலையும் எடுத்துச் சென்றிருக்க முடியாது. குடும்பங்கள் பிரிந்த அவ்வாண்டுகளிலே பொருள்களும் பிரிந்தன. அவற்றின் கதைகளும் பிரிந்தன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து நமக்களித்தார். அவர் பாட்டுக்குச் செய்ததைப் பொருளுக்குச் செய்ய நமது பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு தலைமுறை புறப்படவில்லை.

செய்தவர்கள் எவருமே இல்லை என்று கூறுவது அநீதியாகும். கம்பளைக்கு அண்மையிலே பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றிலே 2007இலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சமூக அபிவிருத்தி நிறுவகம் அதனை உருவாக்கிற்று. தொழிற்கருவி, பாத்திரம், ஆபரணம், பத்திரம் என்பன அங்கு திரட்டப்பட்டுள்ளன. கண்டி ஹந்தானையிலே 2001இலே திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்காட்சிச்சாலை இயந்திரங்களுக்கும் ஜேம்ஸ் டெயிலருக்கும் செய்த சிறப்பினைக் கம்பளையிலுள்ளது கூடை சுமந்தவளுக்குச் செய்ய முயல்கின்றது. நமது மாணவருள் எத்தனை பேர் அதனைச் சென்று பார்த்துள்ளனர்? பேராதனையிலிருந்து கம்பளை அரைநாட் பயணம்கூட இல்லை.

இவ்வேட்டை வெளியிடும் சங்கத்தார் முன்னே ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவுக்கும் விவாத அரங்கிற்கும் ஒதுக்கும் உழைப்பிலே ஒரு பகுதியை எடுத்து, லயங்கள் இடிக்கப்படும் டிவிசன்களுக்கு முன்கூட்டியே செல்ல வேண்டும். பொருளைப் பறித்து வர வேண்டியதில்லை; அது உரியவரிடமே இருக்கட்டும். படம் பிடித்து, அளந்து, அதன் பெயரைத் தோட்டத்தார் வழங்கும் சொல்லாலேயே எழுதுக. யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது என்று கேட்டு எழுதுக. தகரத் துண்டு கிடைத்தால் அதன் இலக்கத்தைத் தவறாது பதிக. தோட்ட அலுவலகங்களிலே செல்லரித்துக் கிடக்கும் பெயர்ப் பதிவேடுகளையும் பார்வையிட அனுமதி கேட்டு எழுதுக. பல்கலைக்கழக நூலகம் அப்பதிவுகளை ஏற்று வைத்திருக்கட்டும். 1815 என்ற கோட்டை நீக்கி, நூறாண்டு கடந்த பொருளனைத்தையும் தொல்பொருளாகக் கொள்ளும் திருத்தத்தைக் கோரும் மனுவொன்றும் அப்பதிவுகளோடு தொல்பொருளியல் திணைக்களத்திற்குச் செல்லட்டும். முதற் பயணத்திற்கு ஓர் எழுதேடும் ஓர் அளவுநாடாவும் ஹற்றனுக்குச் செல்லும் காலைப் புகையிரதமும் போதும்; வாத்தியாரையோ தலைவியையோ முன்னரே அறிவித்துச் செல்வது நன்று, பெரட்டு முடிந்து மலையேறிவிட்டால் மாலை வரை லயத்திலே பேசுவதற்கு ஆளிருக்காது.